மாதிரி விமானங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 1/72 அளவு ஹரிகேன் போர்விமான மாதிரி ஒன்றுக்கு டமியா அக்ரிலிக் வர்ணம் அடித்து முடித்தேன். கடைசியாக ஸ்ப்ரே டின்னில் வரும் லாக்கர் மட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் அடித்தேன். ஐந்து நிமிடத்தில் இறக்கை முழுவதும் சாம்பல் பூத்ததுபோல் வெளுத்துவிட்டது. பின்னேரம், வெளியே நல்ல பனிமூட்டம். எல்லாவற்றையும் சுரண்டிவிட்டுத் திரும்ப அடிக்க வேண்டுமா?
– வாசகர், ஹட்டன்

பதில்: சுரண்ட வேண்டாம். அநேகமாக உள்ளே வர்ணம் அப்படியே இருக்கும். லாக்கரின் கரைப்பான் மிக வேகமாக ஆவியாகும். போகும்போது பரப்பின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால், ஐஸ் தண்ணீர் ஊற்றிய கிளாஸ் வேர்ப்பதுபோல் இறக்கையும் வேர்க்கிறது. அந்த நுண்துளிகள் காயாத வார்னிஷில் சிக்கி வெள்ளையாகத் தெரிகின்றன. இன்னொரு காரணமும் உண்டு. பளபளப்பைக் குறைப்பது வார்னிஷில் மிதக்கும் ஒருவகைத் தூள். டின்னைச் சரியாகக் குலுக்காவிட்டாலும், ஒரே இடத்தில் தடிப்பாக அடித்தாலும், தூள் திரண்டு மூலைகளிலும் பேனல் கோடுகளிலும் தங்கிவிடும்.

விரலை நனைத்து வெளுத்த இடத்தில் தடவிப் பாருங்கள். ஈரம் இருக்கும்வரை வெண்மை மறைந்து, காய்ந்ததும் திரும்பினால் கோளாறு மேற்பரப்பில்தான். ஒரு நாள் காயவிடுங்கள். பிறகு டமியா எக்ஸ்-22 கிளியர் (பளபளப்பான நிறமற்ற பூச்சு), எக்ஸ்-20ஏ தின்னர் இரண்டையும் சம அளவில் கலந்து, 10 மில்லிலீற்றருக்கு நான்கைந்து துளி அக்ரிலிக் ரிட்டார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) சேர்த்து, ஏர்பிரஷில் 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தத்தில் இரண்டு மெல்லிய பூச்சு அடியுங்கள். பளபளப்பு வந்ததும் வெண்மை போய்விடும். இரண்டு நாள் கழித்து மட் அடிக்கலாம்.

அதை அடிக்கும் நேரம்தான் முக்கியம். காலை பத்து மணிக்கும் பகல் இரண்டு மணிக்கும் இடையில், வெயில் உள்ள நாளாகப் பாருங்கள். ஈரப்பதமானி 70 விழுக்காட்டைத் தாண்டிக் காட்டினால் லாக்கர் டின்னைத் தொடாதீர்கள். விமானத்தையும் டின்னையும் ஒரு மணி நேரம் முன்பே அதே அறையில் வைத்துவிடுங்கள். குளிர்ந்த அறையிலிருந்து எடுத்துவரும் பிளாஸ்டிக் தானாகவே வேர்க்கும். டின்னை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஐந்து நிமிடம் நிறுத்தி (அடுப்பில் வைக்கவே கூடாது), இரண்டு நிமிடம் குலுக்கி, 20 முதல் 25 சென்ரிமீற்றர் தூரத்திலிருந்து வீசி வீசி அடியுங்கள். தென்மேல் பருவமழை உங்கள் பக்கம் கொட்டும் ஜூன், ஜூலையில் லாக்கர் மட் வேண்டாம்; அக்ரிலிக் மட் போதும். அதே மாதங்களில் பதுளை, பண்டாரவளைப் பக்கம் வறட்சியாக இருக்கும், அங்கே தொல்லை தூசிதான்.

கேள்வி: சீக்கிரம் காயட்டும் என்று விமானத்தை அடுப்புக்கு மேலே பரணில் வைக்கலாமா?
– மாணவர், தலவாக்கலை

பதில்: கூடாது. புகையின் எண்ணெய்ப் பிசுக்கு காயாத வர்ணத்தில் ஒட்டும், சூடு ஏறினால் இறக்கை வளையும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு வைத்தாலே போதும். ஹம்ப்ரோல் எனாமல் (எண்ணெய் வர்ணம்) நம் குளிரில் இரண்டு மூன்று நாள் எடுக்கும். மூக்கருகே வைத்து முகருங்கள்: வாசம் வந்தால் இன்னும் காயவில்லை.

கேள்வி: 1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானிய விமானத் தாக்குதலிலிருந்து கொழும்பைக் காத்த ஹரிகேனுக்கு என்ன நிறம்? பெட்டியில் பச்சையும் சாம்பலும் போட்டிருக்கிறது.
– வாசகர், நுவரெலியா

பதில்: டார்க் கிறீன், ஓஷன் கிறே சேர்ந்த அமைப்பு 1941 ஆகஸ்டில் பிரித்தானியப் பகல்நேரப் போர்விமானங்களுக்கு வந்தது, முதலில் மாறியவை ஐரோப்பாவில் பறந்தவை. கிழக்கில் டார்க் கிறீன், டார்க் எர்த் சேர்ந்த பழைய அமைப்பு நீண்டகாலம் இருந்தது. அன்று இரத்மலானையிலிருந்து எழுந்த 30ஆம் படையணிக்கோ குதிரைப்பந்தயத் திடலிலிருந்து எழுந்த 258ஆம் படையணிக்கோ செய்கிறீர்கள் என்றால் மேல்பக்கத்துக்குப் பச்சை–மண்நிறம்தான் எங்கள் தெரிவு. கறுப்பு-வெள்ளைப் படத்தை வைத்து நிறத்துக்காகச் சண்டை பிடிக்காதீர்கள். அக்காலத்துச் சிலவகைப் பிலிமில் சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெளிறியும் விழும். பிரித்தானிய வட்டச் சின்னத்தில் நடுச் சிவப்பு இருக்கட்டும், அதை நீக்கியது பின்னாளில்.

டார்க் கிறீனுக்கு டமியா எக்ஸ்எஃப்-81, டார்க் எர்த்துக்கு ஹம்ப்ரோல் 29. அக்ரிலிக்கை முதலில் அடித்துக் காயவிட்டு, எனாமலை அதன்மேல் அடியுங்கள். மாற்றிச் செய்தால், அரைகுறையாகக் காய்ந்த எனாமலின் மேல் அக்ரிலிக் வெடிக்கும். சிறிய அளவில் நிறம் கனத்துத் தெரியும் என்பதால் பத்துத் துளிக்கு ஒரு துளி வெளிர்சாம்பல் சேர்க்கலாம். பச்சையில் வெள்ளை கலந்தால் பெப்பர்மின்ட் மிட்டாய் மாதிரி ஆகிவிடும்.

கேள்வி: டெக்கலை (நனைத்து ஒட்டும் சின்னப் படம்) சுற்றி வெள்ளிபோல் மினுங்குகிறதே?
– வாசகி, பண்டாரவளை

பதில்: மட் பரப்பின் மேடுபள்ளத்தில் காற்று சிக்கியிருக்கிறது. ஊசிமுனையால் நாலைந்து இடத்தில் குத்தி, மைக்ரோ சோல் (டெக்கலை இளக்கும் திரவம்) தடவி, சுருங்கினாலும் தொடாமல் ஓர் இரவு விடுங்கள், தானாகப் படியும். அடுத்த தடவை டெக்கலுக்கு முன் கிளியர் அடித்து, ஒரு நாள் காயவிட்டு ஒட்டுங்கள்.

கேள்வி: 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பைத் தாக்க வந்த ஜப்பானிய ஸீரோ போர்விமானத்துக்கும் முழு மட்டா?
– வாசகர், பதுளை

பதில்: இல்லை. கப்பலிலிருந்து பறந்த அந்த ஸீரோக்களின் பூச்சு ஓரளவு மினுங்கியது. டமியா எக்ஸ்எஃப்-76 அடித்து, மேலே எக்ஸ்-22, எக்ஸ்எஃப்-86 (மட் கிளியர்) இரண்டையும் சமமாகக் கலந்து பூசுங்கள். எஞ்சின் மூடி நீலம் கலந்த கறுப்பு. தனிக் கறுப்பில் ஒரு துளி கருநீலம் விட்டால் போதும்.