காபி டீ குடிச்சா ஒடம்புல தண்ணி வத்துமா? கேளுங்க, சொல்றேன்

கே (சோமனூர், தறி குடோன்): ஏனுங்க, நாளைக்கு ஆறு டீ ஆகுது. குடிச்ச தண்ணிய டீயே இழுத்துட்டுப் போயிருதாமே, நெசமாங்க?

ப: இல்லீங்கண்ணா. காபி டீல இருக்கற கேஃபீன்ங்கற பொருளு, கிட்னில அடினோசின்னு ஒடம்பே உண்டாக்கற ஒரு பொருளோட வேலையத் தடுக்குது, அதனால ஒடம்பு திரும்ப உறிஞ்ச வேண்டிய உப்புல கொஞ்சம் மூத்திரத்துல போயிருது, உப்பு போற வழில தண்ணியும் போகுது, அது நெசந்தான். ஆனா தெனமும் குடிக்கறவங்களுக்கு ஒடம்பு பழகிக்குதுங்க. பர்மிங்காம் பல்கலைக்கழகத்துக்காரங்க காபிப் பழக்கம் இருக்கற 50 ஆம்பளைங்களுக்கு தெனம் 200 மில்லில நாலு கப்புன்னு மூணு நாள் காபி, மூணு நாள் தண்ணின்னு குடுத்துப் பாத்து 2014ல எழுதுனாங்க, ஒடம்போட மொத்தத் தண்ணில வித்தியாசமே தெரியல. உங்க தண்ணிய எடுக்கறது டீ இல்லீங்க, அந்தத் தகரக் கூரை வேக்காடு. பனியன் நனைஞ்சு முதுகோட ஒட்டுதில்ல, அதுதான்.

கே (பொள்ளாச்சி): டீ குடிச்சா நாக்கு வறளுதே?

ப: டீயோட துவர்ப்புங்க. பாக்கு மென்னாலும் அப்படித்தான இருக்கும்.

கே (ஈரோடு): சிக்கரிலயும் கேஃபீன் இருக்குங்களா?

ப: இல்ல.

கே (திருப்பூர், தையல்): கம்பெனில பாத்ரூமுக்கு வரிசைங்க, அதனால தண்ணியே குடிக்கறதில்ல. டீ ரெண்டு வேள மட்டும். நீர்க்கடுப்பு வருது. டீய நிறுத்தோணுமா?

ப: அம்மிணி, டீய நிறுத்த வேண்டியதில்ல, தண்ணி குடிக்காம இருக்கறதுதான் ஆபத்து. அடக்கி வெக்கறதும் அப்படித்தான். கல்லு, மூத்திரத்துல கிருமி ரெண்டுக்கும் அதுவே வழி. தெனம் மூத்திரத்தோட நெறத்தப் பாருங்க, வெளிர் மஞ்சளா இருந்தா சரி, கடுகெண்ணெ மாதிரின்னா தண்ணி பத்தல. கடுப்பு இப்பவே இருக்கறதால டாக்டரப் பாத்துருங்க, காய்ச்சலோ முதுகு வலியோ சேந்தா அன்னைக்கே.

இடையில ஒருத்தர் (அவிநாசி): டீய விட்டு மோர் குடிக்கச் சொல்லுங்க, எங்க அப்பாரு டீயத் தொட்டதேயில்ல.

ப: மோர் நல்லதுங்க, நானும் சொல்லுவேன். ஆனா அந்தப் புள்ள மோர் குடிச்சாலும் பாத்ரூம் போயாகோணுமில்ல? கேக்க வேண்டியது பாத்ரூம.

திருப்பூர் இன்னொருத்தங்க: அத ஆருங்க கேப்பா, சூப்பர்வைசர் மொறைக்கறாரு.

ப: நாலு பேரு சேந்து கேளுங்க. தண்ணியும் பாத்ரூமும் சட்டப்படி குடுத்தாகோணும், தயவு இல்ல.

கே (கோபி): டீ தண்ணிய இழுக்குமா?

ப: மொதல் பதிலப் படிங்க.

கே (தாராபுரம்): முழுகாம இருக்கேன், காபி?

ப: ஒரு நாளைக்குக் கேஃபீன் 200 மில்லிகிராமுக்குள்ள, டீயையும் சேத்து எண்ணோணும். மாசம் ஏற ஏற கேஃபீன் ஒடம்ப விட்டுப் போக நேரமாகும்.

கே (பல்லடம்): டீயால தண்ணி வத்தும்னு...

ப: மூணாவது தடவங்க. நெறத்தப் பாருங்க.