பம்புசெட்டிலிருந்து வீட்டுக்கு: ரேடியோ ஒலியைச் சுருக்கலாமா, அப்படியே அனுப்பலாமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். வீட்டில் இன்வெர்ட்டரும் எல்இடி பல்பும் ரேடியோவில் கிளப்பும் இரைச்சல் தாங்கவில்லை. அதனால் ரேடியோ ரிசீவரையும் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியையும் வயல் பம்புசெட்டுக் கொட்டகைக்கு மாற்றிவிட்டேன். வீட்டுக்கும் அதற்கும் 200 மீட்டர், நடுவில் தென்னந்தோப்பு. 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் சுருக்காமல் வைஃபையில் அனுப்பினால் விட்டு விட்டுக் கேட்கிறது. எம்பி3 ஆக்கிவிடலாமா? எஃப்டி 8-உம் (ஹாம்கள், அதாவது அமெச்சூர் ரேடியோக்காரர்கள், மெல்லிய சிக்னலில் குறுஞ்செய்தி அனுப்பும் டிஜிட்டல் முறை) பிடிக்க வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனும் கேட்க ஆசைப்படுகிறார்.

பதில்: எம்பி3 இருக்கட்டும், முதலில் கணக்கைப் பாருங்கள். விநாடிக்கு 48,000 ஒலி மாதிரி (சாம்பிள்), ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல். மொத்தம் 1,536 கிலோபிட். ரிசீவர் தருகிற ஒலிக்கு இவ்வளவு எதற்கு? மீடியம்வேவில் நிலையங்களுக்கு இடையே நம் பக்கம் 9 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி, ஷார்ட்வேவில் 5. ஹாம்கள் எஸ்எஸ்பி என்ற குறுகிய அலைவரிசை முறையில் பேசும் பேச்சு 3 கிலோஹெர்ட்ஸுக்குள் முடிந்துவிடும். திருச்சி வானொலியை 936 கிலோஹெர்ட்ஸில் வைத்தாலும் வருவது மோனோதான், ஒரே சேனல். 12 கிலோஹெர்ட்ஸ் மோனோ தாராளம், 6 கிலோஹெர்ட்ஸ் வரையான ஒலியை அது தாங்கும். விநாடிக்கு 192 கிலோபிட். எதையும் சுருக்காமலே எட்டில் ஒரு பங்காகிவிட்டது.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. பழைய அமைப்பில் 20 மில்லிவிநாடி ஒலியை ஒன்றாக அனுப்பினால் 3,840 பைட். நெட்வொர்க்கில் ஒரு பாக்கெட் பொதுவாக 1,500 பைட்டைத் தாண்டாது. ஆக, மூன்று துண்டு. அதில் ஒன்று தென்னை ஓலையில் சிக்கினாலும் மூன்றும் வீண், 20 மில்லிவிநாடி போச்சு. புது அமைப்பில் அதே ஒலி 480 பைட், ஒரே பாக்கெட்டில் அடங்கும்.

அனுப்பும் முகவரியையும் ஒரு தடவை பாருங்கள். 224 முதல் 239-க்குள் தொடங்கினால் அது மல்டிகாஸ்ட், ஒரே ஒலியைப் பல கணினிக்கும் சேர்த்து அனுப்பும் முறை. கேபிளில் அருமையாக ஓடும். வைஃபையில் தொலைந்த மல்டிகாஸ்ட் பாக்கெட்டை ரவுட்டர் மறுபடி அனுப்பாது. வீட்டுக் கணினியின் நேரடி முகவரிக்கே அனுப்பிவிடுங்கள்.

இவ்வளவு செய்தும் ஐப்பசி மழையில் மறுபடி தடங்கும். நனைந்த ஓலை வைஃபை சிக்னலைக் குடித்துவிடும். சாதாரண நெட்வொர்க் கேபிளும் 100 மீட்டருக்கு மேல் உத்தரவாதமில்லை. வரப்போரமாக ஃபைபர் இழுப்பதுதான் என் யோசனை. இடி விழுந்தாலும் செம்புக் கம்பி போல மின்சாரத்தை வீட்டுக்குள் கொண்டுவராது, ரேடியோ இரைச்சலும் கிளப்பாது. ஆனால் ஃபைபர் கன்வெர்ட்டரோடு வரும் மலிவு அடாப்டர் கிளப்பும்! அதை ஆன்டெனாவிலிருந்து தள்ளி வையுங்கள்.

எஃப்டி 8-க்குச் சுருக்காத ஒலியையே கொடுங்கள். காதுக்குத் தேவையில்லை என்று கோடெக் (ஒலியைச் சுருக்கும் மென்பொருள்) கழித்துவிடும் பகுதியில்தான் அந்த மெல்லிய சிக்னல் ஒளிந்திருக்கும். பஃபரையும் (ஒலியைச் சற்றுச் சேர்த்துவைத்துப் பிறகு ஒலிக்கும் இடம்) ரொம்ப ஏற்றாதீர்கள். எஃப்டி 8 கடிகாரத்தை ஒட்டி 15 விநாடிக் கட்டங்களாக ஓடுகிறது, அதில் ஒலி ஓரிரு விநாடி பிந்தினாலே டீகோட் (சிக்னலை எழுத்தாக்குவது) தடுமாறும். என்னைக் கேட்டால், கொட்டகையில் இருக்கும் ராஸ்பெர்ரி பையிலேயே டீகோட் செய்து எழுத்தை மட்டும் அனுப்புவது இன்னும் நல்லது. தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக்? இரைச்சல் நிறைந்த ஒலியில் அதனால் பெரிதாக மிச்சமாகாது. விடுங்கள்.

அண்ணனுக்குத்தான் சுருக்கம். வீட்டுக் கணினியில் ஓபஸாக மாற்றுங்கள். 2012-இல் தரப்படுத்திய கோடெக் அது, குறைந்த பிட்டில் எம்பி3-ஐவிடத் தெளிவு. 24 கிலோபிட் மோனோ போதும். மணிக்கு ஏறக்குறைய 11 எம்பி, சுருக்காவிட்டால் 86. ஆர்டிபி (நேரலை ஒலியை அனுப்பும் நெட்வொர்க் முறை) வழியாக அனுப்பினால் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தலைப்பு மட்டும் 40 பைட். 20 மில்லிவிநாடிக்கு ஒன்று என்றால் தலைப்புக்கே 16 கிலோபிட் போய்விடும், ஒலிக்குக் கொடுப்பதில் மூன்றில் இரண்டு பங்கு! 60 மில்லிவிநாடி வையுங்கள், சுமார் 5-ஆகக் குறையும். ஓபஸில் பேச்சு மோடு வேண்டாம், ஆடியோ மோடு வையுங்கள். அமைதியில் அனுப்புவதை நிறுத்தும் டிடிஎக்ஸையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் நிலையம் மங்கும்போது லைனே அறுந்ததாக அண்ணன் நினைத்துக்கொள்வார்.

அப்புறம், பல இணைய இணைப்புகளில் வெளியிலிருந்து நேராக வீட்டுக்குள் நுழைய முடியாது. இரு பக்கமும் வயர்கார்டு போன்ற விபிஎன் (இணையத்துக்குள் ஒரு தனிப் பாதை) போட்டு, அதற்குள் ஒலியை விடுங்கள்.