இலக்கைச் சொல்லலாமா?

கேள்வி: என் இலக்குகளை மற்றவர்களிடம் சொன்னால் ஊக்கம் கூடுமா, குறையுமா?

பதில்: யாரிடம் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரும் அவருடைய குழுவினரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கறிஞராவது போன்ற, அடையாளத்தோடு பிணைந்த நோக்கத்தைப் பிறர் அறிந்துகொண்டபோது, அதற்கான உழைப்பு குறைந்தது. அடைந்துவிட்டோம் என்ற நிறைவு முன்கூட்டியே கிடைத்துவிடுவதே காரணம் என்பது அவர்களுடைய விளக்கம். (பாராட்டு முன்பணமாக வந்துவிட்டால் யார்தான் உழைப்பார்!) எனினும், மேலாண்மைத் துறைப் பேராசிரியர் ஹோவர்ட் கிளைன் குழுவினரின் 2020-ஆம் ஆண்டு ஆய்வு, தம்மைவிட உயர்ந்த நிலையில் இருப்பதாகக் கருதுபவரிடம் இலக்கைச் சொன்னவர்களின் உறுதி கூடியதைக் காட்டியது. ஆகவே, எல்லோரிடமும் அறிவிப்பதைத் தவிர்த்து, நீங்கள் மதிக்கின்ற, உங்களைத் தயங்காமல் கேள்வி கேட்கக்கூடிய ஒருவரிடம், 'எழுத்தாளராவேன்' என்று சொல்லாமல், 'தினமும் ஒரு பக்கம் எழுதி, வார இறுதியில் காட்டுகிறேன்' என்று சொல்லுங்கள்.