“நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்” என்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: தனியார் நிறுவனம் ஒன்றில் ஏழு வருடமாக வேலை பார்க்கிறேன். போன மாதம், ‘வேலைத்திறனை மேம்படுத்த வேண்டும்’ என்று 60 நாள் கெடு கொடுத்துவிட்டார்கள். எச்.ஆர். அதிகாரி தனியாகக் கூப்பிட்டு, “நீங்களே ராஜினாமா கொடுத்துவிட்டால் ரெக்கார்டு சுத்தமாக இருக்கும்” என்கிறார். கையில் நாலு மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறது. அதில் பாதியை வீட்டுக் கடனில் கட்டிச் சுமையைக் குறைத்துவிடலாமா? மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

பதில்: ராஜினாமாவை இப்போது கொடுக்காதீர்கள். கடனிலும் மாதத் தவணைக்கு மேல் எதுவும் கட்டாதீர்கள்.

நீங்களாக எழுதிக் கொடுத்தால், அது உங்கள் முடிவு என்றுதான் சட்டம் பார்க்கும். நிறுவனம் அனுப்பினால் கிடைக்கக்கூடிய இழப்பீடு, நோட்டீஸ் சம்பளம், பல நாடுகளில் இருக்கும் வேலையின்மை உதவித்தொகை எல்லாம் தானாக விலகியவருக்குக் கிடைக்காமல் போகலாம். வற்புறுத்தி வாங்கிய ராஜினாமா என்று பிறகு வழக்குப் போட இடமுண்டு. ஆனால் நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில்தான் விழும். விலகத்தான் வேண்டும் என்றால் எத்தனை மாதச் சம்பளம் தருவார்கள், விடுவிப்புக் கடிதத்தில் என்ன வாசகம் இருக்கும் என்பதை அவர்கள் எழுத்தில் தரட்டும். அதைப் பார்த்தபின் யோசிக்கலாம்.

எந்த நாட்டில் வேலை பார்க்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. உரிமைகள் நாட்டுக்கு நாடு வெகுவாக மாறும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1982-ஆம் ஆண்டு உடன்படிக்கை (எண் 158) சில அடிப்படைகளைச் சொல்கிறது. வேலைநீக்கத்துக்குத் தகுந்த காரணம் வேண்டும். திறமைக் குறைவு, நடத்தைக் குறை என்று சொன்னால் உங்கள் பதிலைக் கேட்க வேண்டும். கடும் ஒழுங்கீனம் தவிர மற்றவற்றுக்கு நியாயமான நோட்டீஸ் அல்லது அதற்கு ஈடான பணம் தர வேண்டும். கர்ப்பம், மதம், சங்கத்தில் சேர்ந்தது, நிறுவனத்தின் மேல் புகார் கொடுத்தது ஆகியவை காரணம் ஆகா. எல்லா நாடுகளும் இதை ஏற்கவில்லை. அமெரிக்காவில் மொன்டானா தவிர மற்ற மாநிலங்களில், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், காரணமே சொல்லாமல் அனுப்பலாம். ஆனால் அங்கும் இனம், மதம், பாலினம் பார்த்து அனுப்புவது சட்டவிரோதம். ஆகவே இன்றைக்கே உங்கள் நியமனக் கடிதத்தை எடுத்து நோட்டீஸ் காலம், இழப்பீடு, போட்டி நிறுவனத்தில் சேரத் தடை ஆகிய மூன்று பகுதிகளையும் வரிக்கு வரி படியுங்கள்.

படித்த கையோடு நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், ஊதிய உயர்வுக் கடிதங்கள், பழைய மதிப்பீட்டு அறிக்கைகள் எல்லாவற்றுக்கும் வீட்டில் ஒரு நகல் வையுங்கள். வாடிக்கையாளர் விவரங்களையோ நிறுவன ரகசியங்களையோ தொடாதீர்கள். அதையே காரணம் காட்டி உடனே வெளியே அனுப்புவார்கள். வாய்வார்த்தையாக ஏதாவது சொன்னால் அன்று மாலையே பணிவாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: “இன்று நடந்த சந்திப்பில் என்னை ராஜினாமா செய்யச் சொன்னதாகப் புரிந்துகொண்டேன். எனக்கு அந்த எண்ணம் இல்லை. கொடுத்த இலக்குகளை முடிக்க முயல்கிறேன்.” இந்த மூன்று வரி நாளைக்கு உங்களுக்குச் சாட்சி. இலக்குகளையும் உண்மையாகவே முடிக்கப் பாருங்கள். முடித்ததைத் தேதி போட்டுக் குறித்து வையுங்கள்.

இனி பணம். உங்கள் மாதச் செலவு 100 பங்கு, அதில் தவணை 40 என்று வைத்துக்கொள்வோம். கையிருப்பு 400. பாதியைக் கடனில் கட்டினால் மிஞ்சுவது 200. அசல் குறையுமே தவிர அடுத்த மாதத் தவணை அநேகமாக அப்படியேதான் நிற்கும். கட்டியதை அவசரத்துக்குத் திரும்பக் கேட்டால் வங்கி பெரும்பாலும் தராது. அதற்குப் பதிலாக மற்றச் செலவு 60-ஐ 35-க்குக் கொண்டுவாருங்கள். மாதம் 75 ஆகும், அதே 400 ஐந்து மாதத்துக்கு மேல் தாங்கும். சம்பளம் வரும் இந்த நாட்களிலேயே சிக்கனத்தைத் தொடங்கினால் இன்னும் கூடும். இதை மனைவிக்குத் தெரியாமல் செய்ய முடியாது. இன்றே சொல்லிவிடுங்கள், கணக்கை இருவரும் சேர்ந்து போடுங்கள்.

அலுவலக மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும் என்றால், தனியாக ஒன்றை இப்போதே எடுங்கள். புதிய பாலிசிகளில் பெரும்பாலும் காத்திருப்புக் காலம் இருக்கும். புதுக் கடன் வேண்டாம். தவணை தவறப்போகிறது என்று தெரிந்தால், தவறுவதற்கு முன்பே வங்கியிடம் போய்ப் பேசுங்கள்.

கடைசி நாளில் ஒரு தாளை நீட்டி, “கையெழுத்துப் போட்டால் செட்டில்மென்ட்” என்பார்கள். அங்கேயே போடாதீர்கள். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரி பெரும்பாலும் அதில் இருக்கும். படிக்க அவகாசம் கேளுங்கள். பாக்கிச் சம்பளம், எடுக்காத விடுப்புக்கான பணம், நோட்டீஸ் சம்பளம், பணிக்கொடை இருந்தால் அது, வரிப் பிடித்தம் எல்லாம் தனித்தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். தொகை குறைவாகப் பட்டால் தொழிலாளர் சட்டம் தெரிந்த வக்கீலிடம் அந்த வாரமே காட்டுங்கள். புகார் கொடுக்கச் சட்டம் வைத்திருக்கும் கெடு பல நாடுகளில் சில மாதங்கள்தான்.