டிராக்கில் நாலு லேப் ஓடியதும் பிரேக் போய்விடுகிறது. பெரிய டிஸ்க் போடவா, டிஸ்க்குக்குக் காற்று கொண்டுபோகும் ஏர் டக்ட் போடவா?

போலோ ஜிடி டிஎஸ்ஐ, பிரேக் எல்லாம் கம்பெனி ஃபிட்டிங், டிராக் டேயில் நாலாவது லேப்பில் பிடிக்காமல் போகிறது என்கிறீர்கள். இந்தக் கேள்வியை யார் எங்கே கேட்டாலும் 'பிக் பிரேக் கிட் போடு' என்ற ஒரே பதில்தான் வருகிறது. அதைப் பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பெரிய டிஸ்க் தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் வண்டியில் எது தோற்கிறது என்று தெரியாமல் அவ்வளவு பணத்தைக் கொட்டாதீர்கள்.

பெடல் எப்படி இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. பெடல் கல் மாதிரி கெட்டியாக இருந்து வண்டி மட்டும் நிற்காமல் ஓடினால், டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பேட் தன் சூட்டு வரம்பைத் தாண்டிவிட்டது. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கி, இரண்டு மூன்று முறை பம்ப் செய்தால்தான் பிடிக்கிறது என்றால் பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பருக்குள் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டது. இரண்டுமே சூட்டினால் வருவதுதான், ஆனால் வைத்தியம் வேறு. ஸ்டாக் வண்டிகளில் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் பார்க்கிறோம். அதனால் உங்களுடையதும் பஞ்சு பெடல் என்றே வைத்துக்கொள்கிறேன்.

முதலில் கணக்கு. ஆளோடு சேர்த்து 1200 கிலோ வண்டி 160 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60-க்கு இறங்கும்போது சுமார் 10 லட்சம் ஜூல் சக்தி சூடாக மாறுகிறது. மூன்று லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுபோகப் போதுமான சூடு அது, மூன்று நாலு விநாடியில். இதில் முக்கால் பங்கு முன் பிரேக்குக்குத்தான் போகும். முன் டிஸ்க் ஒன்று 6 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஒரே மிதியில் 130 டிகிரி போல ஏறுகிறது. அடுத்த திருப்பத்துக்குள் அந்த 130 இறங்கவில்லை என்றால் மிச்சத்தின் மேலேயே அடுத்தது ஏறும். 2.1 கிலோமீட்டர் மட்டுமே உள்ள கோவை கரி டிராக்கில் வேகம் குறைவுதானே, பிரேக்குக்கு என்ன கஷ்டம் என்று நினைப்பவர்கள் இதை யோசிப்பதில்லை. அங்கே திருப்பத்துக்குத் திருப்பம் டிஸ்க் ஆறுவதற்கான இடைவெளியே கிடைக்காது. கிரேட்டர் நொய்டா புத் சர்க்யூட்டில் கதை வேறு. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஸ்ட்ரெய்ட்டில் டிஸ்க் நன்றாக ஆறும், ஆனால் அதன் முடிவில் வரும் நாலாவது திருப்பத்தில் ஒரே மிதியில் ஏறும் சூடு பயங்கரம்.

பிரேக் ஆயிலில்தான் தொடங்க வேண்டும். டாட் 4 ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு 155 இருந்தால் போதும் என்பதுதான் அந்தத் தரத்தின் விதி. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், அதனால் இரண்டு மூன்று வருஷம் மாற்றாத வண்டி அந்த 155-ஐ நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கும். மோட்டுல் ஆர்பிஎஃப் 600 மாதிரி ரேஸ் ஆயில் புதிதில் 312 டிகிரி வரை தாங்கும். சென்னை வெயிலால்தான் பிரேக் போகிறது என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். 500 டிகிரி டிஸ்க்குக்கு வெளிக்காற்று 22 ஆக இருந்தாலும் 37 ஆக இருந்தாலும் ஆறும் வேகத்தில் வித்தியாசம் 3 சதவீதம்தான். நம்மைக் கெடுப்பது வெயில் இல்லை, கடற்கரை ஈரம். மூடி திறந்து பாதி வைத்த டின்னைத் திரும்ப ஊற்றாதீர்கள். சீல் உடைத்த அன்றே முழுதும் பயன்படுத்துங்கள், மிச்சம் இருந்தால் டிராக்குக்கு வேண்டாம். டாட் 5 என்று தனி எண் போட்டு வரும் சிலிக்கோன் ஆயிலைத் தொடவே தொடாதீர்கள், ஏபிஎஸ் வண்டிக்கு ஆகாது.

ப்ளீட் செய்ய, அதாவது பழைய ஆயிலையும் குமிழியையும் வெளியேற்றிப் புதிதை நிரப்ப, 1 லிட்டர் வாங்கி வையுங்கள். காலிப்பரில் ஆயில் வெளியேறும் நிப்பிளில் கண்ணாடி மாதிரித் தெரியும் டியூபை மாட்டி, மறுமுனை பாட்டிலில் உள்ள ஆயிலுக்குள் மூழ்கியிருக்கட்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் நிப்பிளைத் திறந்து மூடிய பிறகுதான் காலை எடுக்கச் சொல்ல வேண்டும். கொதித்த ஆயில் வெளியே வருவதைக் கவனியுங்கள். முதலில் டிக்காஷன் நிறத்தில் வரும், நடுநடுவே கடுகு கடுகாகக் குமிழி. குமிழி நின்று புது ஆயிலின் நிறம் வரும் வரை விடுங்கள். மேலே டேங்கில் அளவு குறைந்து காற்று உள்ளே போய்விட்டால் எல்லாம் முதலிலிருந்து.

அடுத்தது பேட். ரோட்டுக்கான பேட் 350, 400 டிகிரியைத் தாண்டினால் வழுக்க ஆரம்பிக்கும். டிராக் பேட் ரோட்டில் ஆபத்து என்று யாராவது சொல்வார்கள். முழு ரேஸ் பேட் என்றால் அவர்கள் சொல்வது சரி. சூடாகும் வரை பிடிக்காது, சத்தமும் போடும். அதனால்தான் ரோட்டுக்கும் டிராக்குக்கும் நடுவில் நிற்கும் ஃபெரோடோ டிஎஸ் 2500 போன்றவற்றைச் சொல்கிறேன். பேட்டின் தடிமனே காலிப்பர் பிஸ்டனுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் உள்ள வெப்பத் தடுப்பு. பாதி தேய்ந்த பேட்டோடு டிராக்குக்குப் போனால் சூடு நேராக ஆயிலுக்குப் போகும். பேட்டுக்குப் பின்னால் 1 மி.மீ. டைட்டானியம் தகடு (ஷிம்) வைத்தால் இன்னும் கொஞ்சம் தடுக்கலாம்.

ஆயிலும் பேட்டும் மாற்றிய பிறகும் போகிறது என்றால் டக்ட் போடுங்கள். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். உங்கள் முன் டிஸ்க் இரண்டு தட்டுகளுக்கு நடுவே இடைவெளி உள்ள வென்டிலேட்டட் டிஸ்க். சுற்றும்போது அதுவே ஒரு பம்ப்: நடுத்துளைப் பக்கம் காற்றை இழுத்து, உள்ளே உள்ள தடுப்புகள் வழியாக வெளி விளிம்பில் தள்ளும். ஆகவே ஹோஸ் காற்றைக் கொடுக்க வேண்டிய இடம் டிஸ்க்கின் உள்பக்க நடுக்கண், ஹப்பை ஒட்டி. டிஸ்க்கின் முகத்தில் ஊதினால் அந்தப் பக்கம் மட்டும் ஆறி, மறுபக்கம் சூடாக நின்று, டிஸ்க் கிண்ணம் மாதிரி வளையும், விரிசலும் விடும். காலிப்பரில் ஊதுவது ஆயிலுக்குக் கொஞ்சம் உதவும், ஆனால் டிஸ்க் ஆறாமல் காலிப்பர் எத்தனை நேரம் தாங்கும்?

செய்முறை. ஃபாக் லேம்ப் இடத்தைத் திறந்து, ஓரம் மழுங்கிய புனல் வாய் வையுங்கள். காற்று நேராக மோதும் இடம் அதுதான். பம்பருக்கு அடியில் வைத்தால் காற்று பக்கவாட்டில் வழுக்கிப் போய்விடும். ஹோஸ் 75 மி.மீ. போனால் நல்லது. 63 மி.மீ. ஹோஸைவிட அதில் 40 சதவீதம் அதிகப் பரப்பு கிடைக்கும். இடம் இல்லையென்றால் 63 போதும், நசுங்கிய 75-ஐவிட உருண்டையான 63 மேல். சிலிக்கோன் பூசிய, உள்ளே கம்பிச் சுருள் உள்ள ஃபைபர் கிளாஸ் ஹோஸ்தான் வேண்டும். கிச்சன் சிம்னிக்குப் போடும் அலுமினியக் குழாயை மாட்டுகிறவர்கள் உண்டு. ஒரு நாளிலேயே கிழியும். ஹோஸை இழுத்து, சுருக்கம் இல்லாமல், வளைவு குறைவாகக் கொண்டு போங்கள்.

டிஸ்க்குக்குப் பின்னால் கல், தூசியைத் தடுக்கும் தகடான டஸ்ட் ஷீல்டைக் கழற்றி, அதன் போல்ட் துளைகளையே வைத்து 2 மி.மீ. அலுமினியத் தகட்டில் ஒரு பேக்கிங் பிளேட் செய்யச் சொல்லுங்கள். லேத் பட்டறையில் செய்துவிடுவார்கள். டிஸ்க்குக்கும் பிளேட்டுக்கும் 3, 4 மி.மீ. இடைவெளி. நடுக்கண்ணை மூடியபடி ஹோஸ் மூக்கு அதில் வெல்டாகி இருக்கும். ஏபிஎஸ் சென்சார் ஒயர் தகட்டில் உரசக் கூடாது. இவ்வளவு வேலை வேண்டாம் என்றால், போர்ஷே ஜிடி3 கார்களில் செய்திருப்பது போல சக்கரத்தைக் கீழே தாங்கும் லோயர் ஆர்மில் ஒரு பிளாஸ்டிக் மடல் போட்டு, வண்டிக்கு அடியில் ஓடும் காற்றை டிஸ்க் பக்கம் திருப்பலாம். ஹோஸ் அளவுக்கு வராது, ஆனால் செலவு சொற்பம்.

மாட்டியதும் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்துப் பாருங்கள், ஒரு முறை ஜாக்கியில் சக்கரம் தொங்கும்போது, ஒரு முறை சஸ்பென்ஷன் அமுங்கியிருக்கும்போது. டயர் ஹோஸைத் தொட்டால் முதல் செஷனிலேயே தின்றுவிடும்.

ஷீல்டைக் கழற்றச் சொல்கிறானே, கல் போய்ச் சிக்காதா என்பீர்கள். சிக்கும். பால் ஜாயின்ட் ரப்பரும் கருகும். அதற்காகத்தான் பேக்கிங் பிளேட். வெறுமனே கழற்றி எறியச் சொல்லவில்லை. தினசரி ரோட்டில் ஓட்டும்போது டக்டின் புனல் வாயை மூடி வையுங்கள், இல்லாவிட்டால் மழையில் டிஸ்க்குக்குத் தண்ணீர் ஊற்றும் குழாயாகிவிடும்.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? பிட்டில் வந்து இன்ஃப்ரா ரெட் துப்பாக்கியால் பார்ப்பது ஏமாற்று வேலை. வரும் வழியிலேயே டிஸ்க் ஆறிவிடும், பளபளக்கும் இரும்பில் அது குறைத்தும் காட்டும். டிஸ்க்கின் வெளி விளிம்பில் வெப்ப பெயின்ட் மூன்று கோடு போடுங்கள்: பச்சை 430, ஆரஞ்சு 560, சிவப்பு 610 டிகிரியில் நிறம் மாறும். பச்சை மட்டும் மாறியிருந்தால் நிம்மதி. சிவப்பும் மாறிவிட்டதா, டக்ட் போதவில்லை, பெரிய டிஸ்க் பற்றி அப்போது பேசலாம். பச்சைகூட மாறவில்லை, பெடலும் நன்றாக இருக்கிறது என்றால் புனல் வாயில் பாதியை டேப் ஒட்டி மூடுங்கள். டிராக் பேட் அதிகம் ஆறினாலும் பிடிக்காது. காலிப்பரில் நிறம் மாறும் வெப்ப ஸ்டிக்கர் ஒன்று ஒட்டினால் ஆயில் எந்தச் சூட்டில் நிற்கிறது என்றும் தெரியும்.

ஒரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். பெடலில் அதிர்வு என்று போனால் உடனே டிஸ்க்கை லேத்தில் ஏற்றிச் சீவிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது வளைந்த டிஸ்க்கே இல்லை, பேட் பொருள் திட்டுத் திட்டாக ஒட்டியிருப்பதுதான். சீவச் சீவ இரும்பு குறைகிறது, சூட்டை வாங்கும் திறனும் குறைகிறது. குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அதைப் படித்துக் காட்டக்கூட யாருக்கும் பொறுமையில்லை. துளை போட்ட டிஸ்க்கை 'கூலிங்' என்று சொல்லி விற்பதும் இதே கதைதான். டிராக்கில் விரிசல் அந்தத் துளைகளில்தான் தொடங்கும்.

வண்டி நழுவாமல் காக்கும் எலக்ட்ரானிக் அமைப்பான இஎஸ்பி உள்ள வண்டி உங்களுடையது. நழுவும்போதெல்லாம் தனித்தனிச் சக்கரத்தில் அதுவே பிரேக் போடும், அந்தச் சூடும் டிஸ்க் கணக்கில்தான் சேரும். உங்கள் கை பழகியிருந்தால் மட்டும் குறைத்து வையுங்கள். புதியவர் என்றால் இருக்கட்டும், பிரேக்கைவிட நீங்கள் முக்கியம்.

செஷன் முடிவில் ஒரு லேப் பிரேக்கை முடிந்தவரை தொடாமல் ஓட்டி வாருங்கள். நிறுத்தியதும் பெடலில் கால் வைத்துக்கொண்டே நிற்காதீர்கள், ஹேண்ட் பிரேக்கும் வேண்டாம். பார்க்கில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். அரை மணி நேரம் கழித்து நிப்பிளில் ஒருமுறை ப்ளீட் செய்து, குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த செஷன்.