பட்டாளத்திலிருந்து பொங்கலுக்கு வருகிறார்: பைக் சாவி யார் கையில்?

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் நாயக். ஏழு மாதம் கழித்து பொங்கலுக்கு இருபது நாள் லீவில் வருகிறார். போன முறை வந்த அன்று ராத்திரியே நண்பர்களோடு பைக்கில் போய் விழுந்து கையை முறித்துக்கொண்டார். பண்டிகை முழுக்கக் கட்டோடுதான் உட்கார்ந்திருந்தார். ஏதாவது சொன்னால் கோபம் வருகிறது. மாமியாரோ, "பார்டர்லயே நிக்கிறவனுக்கு ஊர்ல என்னா ஆயிடப் போவுது" என்கிறார். போகியிலிருந்து காணும் பொங்கல் வரை நல்லபடியாகக் கழிய என்ன செய்யலாம்? பேசாமல் பைக்கை விற்றுவிடட்டுமா?
(வேலூர் மாவட்ட வாசகி)

பதில்: அம்மா, கணவர் எந்த இடத்தில் இருக்கிறார், எந்த ரயிலில் வருகிறார் என்பதையெல்லாம் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அவற்றை எடுத்துவிட்டுத்தான் கேள்வியைப் போட்டிருக்கிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

உங்கள் மாமியார் சொல்வதைத்தான் என் அம்மாவும் சொல்வார். 28 வருஷம் சர்வீஸ் முடித்து சுபேதாராக வெளியே வந்தவன் நான். என் படைக் கம்பெனியில் லீவுக்குப் போய்த் திரும்பாமல் போனவர்களை எண்ணினால், சாலை விபத்தில் இறந்தவர்களே அதிகம். எல்லையில் நிற்கும்போது பக்கத்தில் ஆள் இருக்கும், உத்தரவு இருக்கும், ஹெல்மெட் இருக்கும். ஊர் சாலையில் ஒன்றும் இருக்காது. 2022-இல் நாட்டிலேயே அதிக சாலை விபத்துகள் நடந்தது தமிழ்நாட்டில்தான்: 64,105 விபத்துகள், 17,884 சாவுகள்.

என் கணக்கில் மொத்த லீவிலும் ஆபத்தானது வந்து இறங்கும் முதல் நாள். பொதுவாக வடக்கு எல்லையிலிருந்து உங்கள் பக்கத்துப் பட்டாளத்துக்காரர் ஒருவர் வரும் வழியை நினைத்துப் பாருங்கள். மலை மேலேயிருந்து கான்வாயில் (ராணுவ வண்டி வரிசையில்) இறங்கி, ட்ரான்சிட் கேம்ப்பில் (வழியில் தங்கும் முகாமில்) காத்துக் கிடந்து, ஜம்முவில் ரயில் ஏறினால் ஏறக்குறைய இரண்டரை நாள். பண்டிகைக் கூட்டத்தில் பெர்த் இருந்தும் காலை நீட்ட முடியாது. ட்ரங்க் பெட்டியைக் காவல் காத்துக்கொண்டே அரைத் தூக்கம்தான். விடியக்காலை காட்பாடியில் இறங்கினால், இரண்டு பைக்கில் நாலு நண்பர்கள் நிற்பார்கள். பெட்டியை நடுவில் வைத்து, ஹெல்மெட் இல்லாமல், "மச்சான் நீயே ஓட்டு, ஓட்டி எவ்ளோ நாளாச்சு" என்று சாவியை அவர் கையிலேயே கொடுப்பார்கள். பதினேழு மணி நேரம் தூங்காமல் இருப்பவரின் கையும் கண்ணும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது இருப்பவருக்கு எப்படி வேலை செய்யுமோ அப்படித்தான் வேலை செய்யும். நம் சட்டத்தில் வரம்பே 30 தான். அதாவது ஒரு சொட்டு குடிக்காமலேயே அவர் வண்டி ஓட்டத் தகுதியில்லாதவர்.

அதனால் ஸ்டேஷனுக்கு ஆட்டோ அனுப்புங்கள். முடிந்தால் நீங்களும் பிள்ளைகளும் அதில் போங்கள். குழந்தை மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டால் மனுஷன் எந்த பைக்கிலும் ஏற மாட்டார். அன்று முழுக்கத் தூங்கட்டும். சொந்தபந்தங்களை மறுநாள் வரச் சொல்லுங்கள். தூங்குகிறவரைத் தொட்டு உலுக்கி எழுப்ப வேண்டாம், கால்மாட்டில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள். காவல் ட்யூட்டியிலிருந்து வந்த உடம்பு, கை பட்டால் திடுக்கிட்டு எழும். நானே ஒரு தடவை என் தம்பி மகனை அப்படித் தள்ளிவிட்டிருக்கிறேன். போகி மேளச் சத்தத்துக்கும் சிலர் இப்படித் துள்ளி எழுவார்கள். இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். ஆகாமல், தூக்கமே வராமல், சிடுசிடுப்பு கூடிக்கொண்டே போனால் 14416-க்குப் போன் செய்யுங்கள். அரசாங்கத்தின் இலவச மனநல உதவி எண் அது, தமிழிலும் பேசலாம்.

சரி, பாட்டிலுக்கு வருவோம். பட்டாளத்துக்காரர் வந்தால் மிலிட்டரி கேன்டீன் ரம் வரும் என்று ஊரே காத்திருக்கும். பல மாதம் அளவாக இருந்த உடம்புக்கு முன்னால் தாங்கிய அளவு இப்போது தாங்காது, அது அவருக்கே தெரியாது. பூட்டி வைத்தால் சண்டைதான் வரும். வீட்டு மாடியிலேயே, சாப்பாட்டோடு, உட்காரச் சொல்லுங்கள். ஒன்றே ஒன்று: பாட்டில் திறப்பதற்கு முன்பே பைக் சாவி கைமாற வேண்டும். உங்கள் கைக்கு வேண்டாம், மாமியார் கைக்கு. நீங்கள் கேட்டால் வாக்குவாதம், அம்மா கேட்டால் சிரித்துக்கொண்டே கொடுப்பார். "என்னா ஆயிடப் போவுது" என்கிறவரையே காவலுக்குப் போட்டது போலவும் ஆச்சு. குடித்துவிட்டு ஓட்டி முதல் தடவை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. ராணுவத்தில் இருப்பவர் என்றால் விஷயம் யூனிட் (அவர் படைப்பிரிவு) வரைக்கும் போகும்.

உங்கள் பக்கம் மாடு விடும் திருவிழா உண்டு. தடுப்புக்குப் பின்னால் நிற்கும் வரை பிரச்சினையில்லை. மாடு ஓடும் பாதையிலேயே நின்று, கடக்கும் மாட்டைத் தட்டிவிட்டு வருவதுதான் வீரம் என்று நிற்கிறார்களே, அங்கேதான் குத்து விழும். மிலிட்டரிக்காரர் என்றால் நண்பர்கள் முன்னால் தள்ளிவிடுவார்கள். அன்றைக்குப் பிள்ளையை அவர் தோளில் ஏற்றி அனுப்புங்கள், தானாகத் தடுப்புக்குப் பின்னால் போய்விடுவார். காணும் பொங்கலன்று கிணறு, ஏரி, பாலாற்றுப் பள்ளம் பக்கம் குடித்தவர்கள் யாரையும் இறங்க விடக் கூடாது. மழை முடிந்த தை மாதத்தில் எல்லாம் நிறைந்திருக்கும்.

இப்போது அந்த ரயில் விஷயம். "வர்றார் என் சிங்கம்" என்று ரயில் டிக்கெட்டை வாட்ஸப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். யூனிட் பெயர், இடம், யூனிஃபார்ம் போட்டோ, கூட வருகிறவர்கள் பெயர், எதுவும் வேண்டாம். எதிரி நாட்டு உளவாளியை விடுங்கள், உள்ளூர் திருடனுக்கும் மோசடிக்காரனுக்குமே அது போதும். "உங்க வீட்டுக்காரர் ஆக்சிடென்ட் ஆகி ஆஸ்பத்திரியில இருக்கார், உடனே பணம் அனுப்புங்க" என்று யாராவது போன் செய்தால் வைத்துவிட்டு அவர் எண்ணுக்கே அடியுங்கள். அவர் எடுக்காவிட்டாலும் பணம் அனுப்பாதீர்கள். அனுப்பியே விட்டால் அடுத்த நிமிஷம் 1930-க்கு (சைபர் மோசடி உதவி எண்) அடியுங்கள்.

அப்படியும் அசம்பாவிதம் நடந்தால் 108-ஐக் கூப்பிட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மிலிட்டரி ஆஸ்பத்திரிதான் வேண்டும் என்று சென்னைக்கு ஓடி நேரத்தைத் தொலைக்காதீர்கள். 2021-இல் வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேர சிகிச்சை அரசு ஆஸ்பத்திரியிலும், பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் இலவசம். ஆள் நிலையான பிறகு அன்றைக்கே யூனிட்டுக்கும் பக்கத்து மிலிட்டரி ஆஸ்பத்திரிக்கும் தகவல் போக வேண்டும். தகவல் இல்லாமல் லீவு தாண்டினால் ராணுவச் சட்டம் 39-ஆம் பிரிவில் அது குற்றம். அதனால் லீவு சர்டிபிகேட்டை உங்கள் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். யூனிட் எண்ணைக் காலண்டருக்குப் பின்னால் எழுதி வையுங்கள், அவர் போன் உடைந்தாலும் அது இருக்கும்.

பைக்கை விற்க வேண்டாம். ஆனால் ஏழு மாதமாகத் தார்ப்பாயின் கீழ் நிற்கும் வண்டியை அப்படியே அவர் கையில் கொடுக்கவும் வேண்டாம். டயரில் காற்று இறங்கியிருக்கும், செயின் துருப்பிடித்திருக்கும், பேட்டரி செத்திருக்கும், பிரேக் பிடிக்குமா என்பது ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். அவர் வருவதற்கு ஒரு வாரம் முன்பே மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பழைய பெட்ரோலை வடிக்கச் சொல்லுங்கள். இன்சூரன்ஸ் தேதியையும் பாருங்கள். அவர் பட்டாளத்தில் இருக்கும்போது அது முடிந்துபோயிருந்தால் உங்கள் இரண்டு பேருக்குமே தெரிந்திருக்காது. ஹெல்மெட் இரண்டு வாங்குங்கள், இரண்டாவது உங்களுக்கு. பின்னால் நீங்கள் உட்கார்ந்தால் அவர் நாற்பதுக்கு மேல் போக மாட்டார்.