ராணுவ அதிகாரியின் அன்றாடப் பணி: குடியாத்தத்துத் தாய் ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். பிளஸ் டூ படிக்கும் மகள் ராணுவ அதிகாரியாக வேண்டும் என்று உறுதியாக நிற்பதாகவும், ஹவில்தாராக, அதாவது அதிகாரிக்குக் கீழான ராணுவப் பதவியில், ஓய்வுபெற்ற உங்கள் அண்ணன் சொன்ன பனிமலைக் காவல் அனுபவங்களைக் கேட்டபின் உங்கள் அச்சம் கூடிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ராணுவப்பேட்டை என்றே பெயர்பெற்ற கம்மவான்பேட்டை இருக்கும் நம் வேலூர்ப் பகுதியில், ஜவானின் வாழ்க்கை பல குடும்பங்களுக்குத் தெரியும். ஆனால் அதிகாரியின் வேலை அதற்கு ஒரு படி மேலே உள்ள அதே வேலை அன்று. தன் பொறுப்பில் விடப்பட்ட மனிதர்களின் பயிற்சி, உடல்நலம், ஒழுங்கு, குடும்பக் கவலை ஆகிய அனைத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

அதிகாரிகளின் முதல் பதவியான லெப்டினன்டாகச் சேரும் இளைஞரின் கீழ் பெரும்பாலும் தம்மைவிட வயதில் மூத்த ஜவான்களே இருப்பார்கள். விடியற்காலையில் அவர்களோடு சேர்ந்து ஓட வேண்டும். பின்னால் நின்று ஓடச் சொல்வது அங்கே எடுபடாது. பிறகு பயிற்சி, ஆயுதங்களையும் வாகனங்களையும் சரிபார்த்தல், அலுவலகக் கோப்புகள் என்று பகல் நகரும். விடுப்பு விண்ணப்பம், சம்பளக் குழப்பம், ஊரில் நிலத் தகராறு என்று ஒரு ஜவான் வந்து நின்றால், அதைக் கேட்டு, தேவைப்பட்டால் அவருடைய மாவட்ட ஆட்சியருக்கு யூனிட்டிலிருந்து கடிதம் போக ஏற்பாடு செய்வதும் அதிகாரியின் கடமைதான். மாலையில் ஜவான்களோடு கைப்பந்தோ கால்பந்தோ ஆட வேண்டும். முறை வரும் நாளில் சமையற்கூடத்துச் சாப்பாட்டைச் சுவைத்துப் பார்ப்பதும், ஆயுதக் கிடங்கின் கணக்கைச் சரிபார்ப்பதும், நள்ளிரவில் காவல் நிற்பவர்களைச் சுற்றிப் பார்ப்பதும் உண்டு. இத்தனையிலும் ஜவானாகச் சேர்ந்து படிப்படியாக உயர்ந்த அனுபவமிக்க சுபேதாரின் சொல்லைக் காதுகொடுத்துக் கேட்கத் தெரியாத இளம் அதிகாரி மிகவும் தடுமாறுவார்.

பணியின் தன்மை பிரிவுக்குப் பிரிவு மாறும். சிக்னல்ஸ் பிரிவில் தகவல் தொடர்பு அறுபடாமல் காப்பதும், பொறியாளர் பிரிவில் பாலமும் பாதையும் அமைப்பதும், சர்வீஸ் கோர் பிரிவில் உணவும் எரிபொருளும் உரிய இடத்துக்குச் சேர்ப்பதும் முதன்மை வேலைகள். இவற்றில் பெண் அதிகாரிகள் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறார்கள்; 2023 முதல் பீரங்கிப் படையிலும் சேர்க்கப்படுகிறார்கள். ஆபத்து இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இடமாற்றமும் அடிக்கடி வரும். குடும்பம் ஓர் ஊரில் வேரூன்றி இருக்க இயலாது. சம்பளத்தைப் பொறுத்தவரை, தொடக்க அடிப்படை ஊதியம் 56,100 ரூபாய், அதனுடன் ராணுவப் பணி ஊதியம் 15,500 ரூபாய், பிற படிகள் தனி.

உச்ச நீதிமன்றத்தின் 2021ஆம் ஆண்டு உத்தரவுக்குப் பின், பிளஸ் டூ முடித்தவர்களை அதிகாரிகளாகப் பயிற்றுவிக்கும் தேசியப் பாதுகாப்பு அகாடமி (என்.டி.ஏ.) பெண்களுக்கும் திறந்தது; முதல் அணியின் 17 பெண்கள் 2025 மே மாதத்தில் பயிற்சி முடித்து வெளிவந்தார்கள். இதில் சேர, மத்தியப் பணியாளர் தேர்வாணையம் (யு.பி.எஸ்.சி.) நடத்தும் எழுத்துத் தேர்வில் கணிதத்துக்கு 300, பொது அறிவுத் திறனுக்கு 600 மதிப்பெண்கள், அதன்பின் படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியமான எஸ்.எஸ்.பி. ஐந்து நாள்கள் நடத்தும் நேர்முகத்துக்கு மட்டும் 900. மனப்பாடத்தால் அந்த ஐந்து நாள்களைக் கடக்க இயலாது என்பதே என் உறுதியான கருத்து. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும் என்பதால், தமிழ்வழியில் படிக்கும் பிள்ளை ஆங்கிலத்தில் தயங்காமல் பேச இப்போதே பழக வேண்டும். இது கிடைக்காவிட்டாலும் வழி அடைபடாது. பட்டப்படிப்புக்குப் பின் யு.பி.எஸ்.சி.யே நடத்தும் சி.டி.எஸ். என்னும் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு எழுதியோ, தேசிய மாணவர் படையின் (என்.சி.சி.) 'சி' சான்றிதழுடன் எழுத்துத் தேர்வே இல்லாமல் நேராக எஸ்.எஸ்.பி.க்குச் சென்றோ, பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் சேரலாம். ஆகவே என்.சி.சி. உள்ள கல்லூரியாகப் பார்த்துச் சேர்ப்பது நல்லது.

உங்கள் மகளிடம் சீருடையைப் பற்றியோ சம்பளத்தைப் பற்றியோ கேட்காதீர்கள், அம்மா. முப்பது பேரின் குறைகளை நாள்தோறும் பொறுமையாகக் கேட்க அவளுக்கு மனம் இருக்கிறதா, தவறு நேர்ந்தால் பழியைத் தன்மேல் ஏற்கும் இயல்பு உண்டா என்று வீட்டிலும் பள்ளியிலும் கவனித்துப் பாருங்கள். வேலூரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரித்தால், ஓய்வுபெற்ற அதிகாரி எவரையேனும் சந்திக்க வழி கிடைக்கக்கூடும். மகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள், கேள்விகளை அவளே கேட்கட்டும்.